நான்கு பைகள்

அன்புள்ள நண்பா,

ஆமை என்று இனி உன்னைக் கூப்பிட மாட்டேன்.

அன்று மலையின் செங்குத்தான ஏற்றத்தில் உனக்கு மூச்சு வாங்கியது. "நீங்க போயிட்டு வாங்கடா, பைகளை நான் பாத்துக்கறேன்" என்று பாதி வழியில் பாறைமேல் உட்கார்ந்தாய்.

உச்சியிலிருந்து நாங்கள் மூவரும் மறுபக்கம் இருந்த சுலபமான பாதையில் இறங்கிவிட்டோம். "அவன் தானா வந்துடுவான்" என்று சொன்னவன் நான்தான்.

பொழுது சாயும்போது நான்கு பைகளையும் சுமந்துகொண்டு, நாங்கள் நின்றிருந்த அடிவாரத்து டீக்கடைக்கு வந்தாய். "வழி தப்பிட்டீங்களோன்னு பயந்துட்டேன்டா!"

"ஆமாடா, தப்பிட்டோம்" என்று வாய் கூசாமல் சொன்னேன். எங்கள் கையிலிருந்த டீ கிளாஸ்களை நீ பார்த்தாய். அதற்குப் பிறகு எங்களோடு நீ எங்கும் வரவில்லை.

வரும் ஞாயிறு காலையிலிருந்து அந்தப் பாறையில் உட்கார்ந்திருப்பேன். நீ மெதுவாகவே வா.

இப்படிக்கு,
அன்று வழி தப்பாதவன்