சாமி இல்லை, நோய்

இன்று காலை வாசல் கேட்டில் யாரோ ஒரு சுருட்டைச் செருகி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது; அழுகை பிறகுதான். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகியும் இவர்கள் விடவில்லை, பாருங்கள்.

புக்கிட் செலம்பாவ் தோட்டத்து முனியாண்டி கோயிலில் நீங்கள் சாமியாடிய காலம் எனக்கு மறக்குமா? அருள் வந்ததும் சுருட்டைப் பற்றவைத்துக் கொடுப்பது உங்கள் தம்பி. சாமி மலையேறியபின் வீட்டுக்கு வந்து, "பசிக்குதுடி, சோத்தப் போடு" என்பீர்கள். சாமி வேறு, நீங்கள் வேறு என்று சோறு போட்ட எனக்குத் தெரியாதா?

அதனால்தான், பிற்பாடு நாம் குடிவந்த பாக்கார் ஆராங் ஊர் வீட்டு ஹாலில் இல்லாத ஆட்களோடு நீங்கள் பேசத் தொடங்கியபோது நான் பயந்தேன். உங்கள் தம்பியோ கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி மறுபடி எறங்கிருச்சிலா அண்ணி" என்று ஒரு கூட்டத்தையே மோட்டார் சைக்கிள்களில் கூட்டிவந்தார். சுருட்டும் எலுமிச்சம்பழமும் வைத்துக் குறி கேட்டார்கள். நீங்கள் என்னைக் கைகாட்டி, "இவ யாரு? என் பொண்டாட்டி சேலையத் திருடிக் கட்டியிருக்கா" என்றீர்கள். அத்தனை பேரும் என்னைத் திருடியாகவே பார்த்தார்கள்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். இது அல்சைமர், இல்லாதவர்களைப் பார்ப்பதும், கட்டியவளையே வேற்றாள் என்று நம்புவதும் அந்த நோயின் வேலை.

"சாமி பொய் சொல்லுமா அண்ணி?" என்றார் உங்கள் தம்பி.

"சாமி பொய் சொல்லாது தம்பி. இது சாமி இல்ல, நோய். ஒங்க அண்ணனுக்கு மருந்துதான் வேணும். எல்லாரும் கெளம்புங்க" என்று கேட்டைப் பூட்டினேன்.

புருஷனைப் பூட்டி வைத்தவள் என்று ஊர் பேசியது. பேசட்டும், ஊர் வாயை மூட என்னிடம் உலைமூடியா இருக்கிறது? மருந்துக்குப் பிறகும் என்னை நீங்கள் அடையாளம் காணவில்லை. பயம் மட்டும் குறைந்தது. ஒரு மத்தியானம் சோறு ஊட்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பாத்துக்கிறீங்கம்மா. என் பொண்டாட்டி வரட்டும், ஒங்களப் பத்திச் சொல்றேன்" என்றீர்கள்.

இந்தச் சுருட்டை முனியாண்டி காலடியில் வைத்துவிட்டு வரப்போகிறேன். அது அவருடையது. நீங்கள் என்னுடையவர். உங்கள் படத்தின் முன் குறி கேட்க எவன் வந்தாலும் இந்தக் கேட் திறக்காது. வரட்டும் என்றீர்களே, உங்கள் பொண்டாட்டி, அவள் எங்கும் போயிருக்கவில்லை. அவளிடம் சொல்ல நினைத்ததை நீங்கள் அன்றைக்கே சொல்லிவிட்டீர்கள்.