டிரம்மை நிறுத்தாத ஆர்த்தி

அன்பு மகன் மணிகண்டனுக்கு,

வண்டிப்பெரியாரிலிருந்து அம்மா பூமாரி எழுதுவது. இங்கே உடம்புக்கு எல்லாரும் நலம், மனசுக்குத்தான் இல்லை. அங்கே குளிரில் நீ நலமாக இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன், முழுவதும் படி.

பள்ளி பேண்டைப் பார்த்துக்கொள்ளும் ஜிஜி சாரிடம் மன்னிப்புக் கேள், கட்டுப்பாடுதான் முக்கியம் என்று உன் தங்கை ஆர்த்தியிடம் சொன்னாயாமே. என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? சுதந்திர தின அணிவகுப்பில் பள்ளி பேண்டில் பெரிய டிரம் அடித்தது அவள்தான். பிள்ளைகள் மைதானத்தில் பாதி தூரம்கூட வரவில்லை, அதற்குள் பேச வந்த விருந்தாளியின் ஜீப் வந்துவிட்டது. பேச்சைத் தொடங்க வேண்டுமென்று ஜிஜி சார் ஓடி வந்து மலையாளத்தில் மதி, மதி என்றும், போதும் நிறுத்து என்றும் கத்தினார். குழல் ஊதியவர்கள் நிறுத்திவிட்டார்கள், இவள் நிறுத்தவில்லை. பின்னால் வந்தது ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள், டிரம் விழும்போது இடது கால் என்பது மட்டும்தான் அதுகளுக்குத் தெரியும். மழைச் சேறு வேறு. சத்தம் நின்றால் ஒன்றின் மேல் ஒன்று மோதி விழும். கடைசி வரிசை வந்து நின்ற பிறகுதான் கையை இறக்கினாள். அதற்கு அத்தனை பேர் முன்னால் டிரம்மைக் கழற்றி வாங்கி, தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவு திமிரா என்று கேட்டார். அசெம்பிளியில் மன்னிப்புக் கேட்காவிட்டால் இனி பேண்டில் இடமில்லையாம். உன் அப்பா சண்டை வேண்டாம் என்கிறார், அவர் என்றைக்குச் சண்டை போட்டார்! தேயிலைக் கொழுந்தை எடை போட்ட கையோடு நான்தான் போய், ஏன் சாரே, எம்புள்ள அடிச்சதுனாலதான ஒரு புள்ளையும் விழல, அதச் சொல்ல வாயி வரலியா என்று கேட்டேன். மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவரை விடு. போன லீவில் வந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரடா? முன்னால கோல் புடிச்சவங்க சைகை காட்டுற வரைக்கும் வேற யாரு கத்துனாலும் நிப்பாட்டாத, நடக்குறவன் உன்ன நம்பித்தான் கால வைக்கிறான் என்று நீதானே சொன்னாய்? அன்றைக்குக் கோல் பிடித்த பெண் சைகையே காட்டவில்லை. நீ சொன்னதை அப்படியே செய்த பிள்ளைக்கு நீயே குழி பறிக்கிறாய். மைதானத்தில் அவள் அழவில்லை, உன் போனை வைத்த பிறகுதான் அழுதாள். உன்னைப் போல ராணுவ பேண்டில் சேருவேன் என்று இருந்தவள் இப்போது பள்ளிக்கே போகமாட்டேன் என்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். மாரியாத்தாள் உன்னை நன்றாக வைக்கட்டும், கோபத்தில் இருந்தாலும் அதில் நான் குறை வைக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. என்னிடம் பேச வேண்டாம், போனை நேராக அவளிடம் கொடுத்துவிடுவேன். ஜிஜி சார் வெளி ஆள், அவர் கேட்காவிட்டால் போகட்டும். நீ அவளிடம் மன்னிப்புக் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
பூமாரி