பால் நேரம்

அன்பு இவார்ஸ்,

நீயும் நம் பிள்ளை இல்சேயும் நலமா? அவளுக்குச் சளி விட்டதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இங்கே நார்வேயில் பால் கொடுக்கும் தாய்க்குத் தினமும் ஒரு மணி நேரம் சம்பளத்தோடு விடுகிறார்கள். என் பிள்ளை லாத்வியாவில் இருக்கிறாளே என்றேன். "பால் இங்கதானே இருக்கு? போய்ப் பீச்சிட்டு வா. வெட்டி வச்ச மீனு எங்கயும் ஓடிடாது" என்றாள் எங்கள் மீன் ஆலை மேற்பார்வையாளர் டூரிட். அந்தப் பாலை ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளுக்கு வாங்கிக்கொள்கிறார்கள்.

நேற்று ஒரு சொட்டும் வரவில்லை. வலிகூட இல்லை, கவலைப்படாதே. "பிள்ளை சட்டைய மோந்து பாரு, தானா சுரக்கும்" என்றாள் டூரிட். கொண்டுவந்த ஒரே சட்டையை வேலைத்துணியோடு போட்டுத் துவைத்துவிட்டேன். இப்போது அதில் மீன் வாசம்தான் அடிக்கிறது.

கம்பளிக் காலுறை அனுப்பு. கூடவே இல்சே போட்டுக் கழற்றிய சட்டை ஒன்று. மணி அடித்துவிட்டது, போகிறேன்.

சட்டையைத் துவைத்துவிடாதே.

தைகா