கிழிந்துபோன முதல் பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மத்தியானம் கொஞ்சமாவது படுக்கிறார்களா?

இங்கே கல்லூரியில் ஒரு கூத்து நடந்தது, கேளுங்கள். நம் மருந்துக்கடையிலிருந்து நான் தூக்கி வந்த மருந்துக் கையேட்டைப் பார்த்துத்தான் என் ஆய்வுக் கட்டுரையில் மாத்திரை அளவுகளை எழுதியிருந்தேன்.

"எந்தப் பதிப்பு, எந்த வருஷம்னு போடவே இல்லையே?" என்றார் பேராசிரியர்.

எப்படிப் போடுவது? முதல் பக்கங்களைத்தான் நீங்கள் சில்லறை மாத்திரை மடித்துக் கொடுக்கக் கிழித்துவிட்டீர்களே! அதைச் சொன்னதும் மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். இங்கே வந்தபின் என்னோடு ஒருவர் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

"அது பழசும்மா. இணையத்துல இருக்கற கையேட்டைப் பாரு. அது அடிக்கடி மாறும், அதனால நீ பார்த்த தேதியையும் சேர்த்துப் போடு" என்றார்.

போட்டேன், கட்டுரை பிழைத்தது. பழைய புத்தகம் இப்போது என் தலைமாட்டில் இருக்கிறது. பிரித்தால் நம் கடை வாசனை.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். புதிது வேண்டாம். பதில் எழுதும்போது "எல்லாரும் சௌக்கியம்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். எந்தத் தேதி நிலவரம் என்றும் போடுங்கள். அதுவும் மாறக்கூடியதுதானே.

நூலகத்தைப் பூட்டப் போகிறார்கள், கிளம்ப வேண்டும். நானும் சௌக்கியம்தான் அப்பா. பார்த்த தேதி: இன்று, யாருமில்லாத விடுதி அறைக்குத் திரும்புவதற்கு முன்.

உங்கள்
கடைக்குட்டி