கழுவாத உரப்பை

சாய்ந்தமருது
18.10.2024

மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் நம் மகளும் சுகம். உங்கள் கோபம் சுகமா? போனில் கதைத்தால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். இதில் நீங்கள் குறுக்கே கதைக்க முடியாதல்லவா?

சாகாமத்துச் சீதனக் காணியைக் குத்தகைக்குக் கொடுக்க மாட்டேன். இம்முறை நானே விதைக்கிறேன். பயிர் நன்றாகப் பிடித்தால் கத்தார் வேலையை விட்டு வந்துவிடுவதாகச் சொன்னீர்கள். பேச்சு மாறக்கூடாது.

விதைநெல் ஊறப்போட யூரியா வந்த வெற்றுப் பைகள் இரண்டை எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் கழுவ வேண்டும்.

றிஸ்லா

தோஹா
19.10.2024

றிஸ்லா, வ அலைக்குமுஸ்ஸலாம்.

என் கோபமும் சுகம். பேச்சு மாறாது. ஆனால் பையைக் கழுவாதே! ஒட்டியிருக்கும் யூரியா முளைக்கு நல்ல பலம். அதை ஏன் வீணாக்குகிறாய்? எனக்கும் விவசாயம் கொஞ்சம் தெரியும்.

முஸ்தாக்

சாய்ந்தமருது
14.11.2024

மச்சான்,

சிரிக்காமல் வாசியுங்கள். ஒரு பையைக் கழுவினேன். மற்றதை உங்கள் சொல்லுக்காக அப்படியே விட்டேன். அவிழ்த்தபோது என் பையில் முளை வெள்ளை வெளேரென்று நின்றது. உங்கள் பையில் மூக்கைத் துளைக்கும் நாற்றம். பாதிக்குமேல் முளைக்கவே இல்லை. பக்கத்து வயல் செல்லத்தங்கம் அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன புள்ள, பால்குடிப் புள்ளைக்கு இறைச்சி தீத்தினாப்போல செஞ்சிருக்காய்? வேர் விட்டாப் பொறகுதான் உரம்" என்றார்.

"ஓம் அக்கா, இது எங்கட மச்சான்ட விவசாயம்" என்றேன். வரம்பில் இருந்து இருவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

இருந்ததை, நடுவரம்பு பிரிக்கும் இரண்டு வரவைகளிலும் பைக்கு ஒன்றாக விதைத்தேன். மேல் வரவை என்னுடையது, இடைவெளியே இல்லை. கீழ் வரவை உங்களுடையது. கொக்குகள் நடந்து திரிய நிறைய இடமிருக்கிறது. ஆக, பாதிப் பயிர்தான் பிடித்திருக்கிறது. இப்போது வருவீர்களா, மாட்டீர்களா? கேட்கப் பயமாக இருக்கிறது மச்சான். ஆனாலும் கேட்கிறேன்.

றிஸ்லா

தோஹா
15.11.2024

என் றிஸ்லா,

சிரிக்காதே என்றாய். சிரித்த சிரிப்பில் அறையில் தூங்கியவர்கள் எழும்பிவிட்டார்கள். உன் வரவையில் நெருக்கமாக நிற்கும் நாற்றைப் பிடுங்கி என் வரவையில் நட்டால் பயிர் தப்பிவிடும். நீ நடாதே. கெடுத்தவன் வந்து நடட்டும்.

உன் முதல் கடிதம் கிடைத்த அன்றே வேலையை விடுவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஒரு நெல்லும் முளைக்காவிட்டாலும் வந்திருப்பேன். செவ்வாய்க்கிழமை வீட்டில் நிற்பேன், இன்ஷா அல்லாஹ். உனக்கு என்ன கொண்டுவர?

உன் முஸ்தாக்

சாய்ந்தமருது
15.11.2024

மச்சான்,

அழுதுவிட்டேன். மகள் பயந்துபோய்ப் பார்க்கிறாள்.

ஒன்றும் வேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள். நாற்று நட இரண்டு கையும் வேண்டும்.

றிஸ்லா