தறி நடந்த ஏழாயிரம் ஸ்டெப்

சூலூர்,
ஜூன் 18

ஜெர்மனியில் சகல சௌகரியங்களோடும், என் மேல் தீராத கோபத்தோடும் வாழ்கிற என் அக்கா மகள் லோகப்பிரியாவுக்கு, உன் மாமா தம்பிதுரை இரண்டு காலும் வலிக்க வலிக்க எழுதுவது. இங்கு உன் அத்தை சுகம். நான் சுகமா என்பது கடைசியில் தெரியும்.

மாசாணியம்மன் சாட்சியாகச் சொல்கிறேன் கண்ணு, இதில் வரும் கதையை ஒருவரும் நம்ப மாட்டார்கள். நீயும் நம்ப வேண்டாம். ஒரு மாதமாக நீ என் போனை எடுக்காததால் காகிதத்தில் புலம்புகிறேன்.

என் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் தினமும் ஐயாயிரம் ஸ்டெப் நடக்கச் சொன்னார். நீ அங்கிருந்தே ஆர்டர் போட்டு என் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டவைத்தாய். நான் நடப்பது உன் போனில் தெரியுமாம். அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், கையைக் கடிப்பது போல் அதிர்ந்து எழுந்திரு என்கிறது. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் உன் அத்தைகூட என்னை இப்படி விரட்டியதில்லை.

முதல் வாரம் நடந்தேன். நடந்தேனா, பறந்தேன்! விமானத் தளத்துப் பக்கம் போனபோது, கீழே என்னவோ வேகமாகப் போகிறதே என்று இரண்டு விமானங்கள் தாழ இறங்கிப் பார்த்துவிட்டுப் போயின. இரண்டாம் வாரம் தெருநாய்கள் சங்கம் வைத்து, எனக்காக ஷிப்ட் போட்டு நின்றன. மூன்றாம் வாரம் மழை. சூலூரில் வேறெங்கும் இல்லை, என் தலைக்கு மேல் மட்டும். நான்காம் வாரம் காரணம் தேடவே அலுத்துவிட்டது. நாய்க்குத் தடி எடுக்கலாம், மழைக்குக் குடை பிடிக்கலாம். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று ஒன்று விடிவதற்குள் வந்து தலையணையில் பக்கத்தில் படுத்துக்கொள்கிறதே அம்மணி, அதை என்ன செய்வது?

அப்போதுதான் நம் குடோனில் விசைத்தறி ஓடுவதைப் பார்த்தேன். நூலை அடித்து நெருக்குகிற பலகை நிமிஷத்துக்கு நூற்றிருபது தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. சும்மா ஆடுவதற்கு ஒரு கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஆடினால் என்ன குறைந்துவிடும்? காலை பத்து மணிக்குக் கட்டினால் பதினொன்றுக்கு ஏழாயிரம். பக்கத்தில் உட்கார்ந்து நான் வடை தின்றேன். நீ "சூப்பர் மாமா!" என்றாய். நாடித் துடிப்பு ஏன் காட்டவில்லை என்று கேட்டாய். கையில் முடி அதிகம் என்றேன். இரண்டே மாதத்தில் நம் மூன்றாம் நம்பர் தறி காசிக்கு நடந்தே போய்வந்துவிட்டது.

போன மாதம் பராமரிப்புக்காக ஒன்பதிலிருந்து நான்கு வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தது. ஊருக்கே தெரியும், என் மூளைக்கு மட்டும் எட்டவில்லை. விடிகாலையிலேயே கடிகாரத்தைத் தறியில் கட்டி, தறி ஓட்டும் ஆளிடம் பத்து மணிக்கு ஓட்டச் சொல்லிவிட்டு, போனையும் மேசையில் மறந்து, அத்தையோடு வெள்ளகோவில் கிடா விருந்துக்குப் போய்விட்டேன். பந்திச் சத்தத்தில் அவள் போனும் கேட்கவில்லை. உன் போனில் மத்தியானம் வரை பூஜ்யம். நாற்பத்தொரு தடவை கூப்பிட்டிருக்கிறாய்.

கடைசியில் பக்கத்து வீட்டு ராமுலுவை அழுதுகொண்டே கூப்பிட்டாயாம். அவர் ஆம்புலன்ஸோடு ஓடிவந்து பார்த்தால், நின்ற தறியில் கடிகாரம் தொங்குகிறது. "ஏனுங்க தம்பிதுரை, வந்து பாத்தா தறிக்கு ஹார்ட் அட்டாக்குங்க! இதைத்தான் ஏத்தோணுங்களான்னு ஆம்புலன்ஸ்காரர் கேக்கறாருங்க" என்று இன்றுவரை டீக்கடையில் சொல்லிச் சிரிக்கிறார்.

நீ சிரிக்கவில்லை. சாயங்காலம் என் குரலைக் கேட்டதும் "இருக்கீங்களா மாமா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். எனக்குத் தெரியும் கண்ணு. உங்கப்பா போன அன்று, பத்து மணி வரை தூங்குகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

இன்று மறுபடியும் மின்தடை. ஒன்பது மணிக்கே நான்கு தறியும் படுத்துவிட்டன. உன் போனில் இந்தத் தேதியைத் திறந்து பார். பத்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில், மொட்டை வெயிலில், இரண்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஸ்டெப் இருக்கும். நாடித் துடிப்பும் இருக்கும். கைமுடியை மழித்துவிட்டேன்.

நாளைக்குத் தறி ஓடும். அப்புறம் கடிகாரம் எதைக் காட்டினாலும் நம்ப உனக்கு மனசு வராது. அதனால் தினமும் ஒரு போன் போட்டு "நடந்தீங்களா" என்று திட்டு. நீ நன்றாக இரு அம்மணி, எந்தப் போனுக்கும் பயப்படாமல் இரு.

விமானம், நாய்ச் சங்கம், காசி எல்லாவற்றையும் குப்பையில் போடு. அந்த இரண்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
மூன்றாம் நம்பர் தறி அல்ல,
உன் மாமா தம்பிதுரை