நாலு தட்டுக்குப் பிறகு

மார்ச் 3

அண்ணன் மகளுக்குச் சித்தப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நான் சுகம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

பேருந்து நிறுத்தத்துச் சுவரில் உங்கள் சுவரொட்டியைப் பார்த்தேன். ‘ஐவர் இசைக்குழு, நாற்பதாம் ஆண்டு.’ படத்தில் எண்ணிப் பார்த்தேன், ஆறு பேர். ஒரு முகம்கூடப் பழையது இல்லை. டிரம்ஸ் வாசித்த உன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பாடகருக்குக் குரல் போயிற்று. கித்தார்க்காரரும் புல்லாங்குழல்காரரும் வேறு ஊர் போனார்கள். அக்கார்டியன் வாசித்த என்னிடம், கீபோர்டு வந்துவிட்டது, நீங்கள் ஓய்வெடுங்கள் என்று ஒன்பது வருடத்துக்கு முன்னால் சொல்லப்பட்டது. சொன்னது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் யாருக்கு நாற்பது வயது?

பதிவில் இன்னும் என் பெயர் இருப்பதால், அதைப் புதுப்பிக்க என் கையெழுத்து வேண்டும் என்று தாள் அனுப்பியிருக்கிறாய். போட மாட்டேன். வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். பெயருக்கா பஞ்சம்?

பாடுகிறவள், தொண்டையைப் பார்த்துக்கொள்.

சித்தப்பா


மார்ச் 9

அன்புள்ள சித்தப்பாவுக்கு வணக்கம்.

ஒரே கடிதத்தில் தொண்டைக்கு அக்கறையும் கழுத்துக்குக் கத்தியும் அனுப்ப உங்களால்தான் முடியும்.

நீங்கள் சொல்லும் புல்லாங்குழல்காரரே முதல் ஆள் இல்லையாம். முதல் ஆள் மூன்றாம் மாதமே போய்விட்டார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். கித்தாருக்கு மூன்று பேர் மாறினார்கள். அப்போதெல்லாம் பெயரை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எத்தனையாவது ஆள் போனபோது குழு போனது? நீங்கள் போனபோதா? அப்படியானால் அதையே சொல்லிவிடுங்கள்.

உங்களை நிறுத்தியவள் நான்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் இந்தப் பெயர் இல்லையென்றால் எங்களை அழைக்க ஆளில்லை. மாதக் கடைசிக்குள் தாள் போக வேண்டும்.

இன்னொன்று. புது டிரம்ஸ்காரர் ஒத்திகையில் கேட்டார்: “அக்கா, குச்சிய நாலு தடவ தட்டுனா ஊர் உலகத்துல அடுத்த தட்டுல பாட்டு ஆரம்பிச்சிடும். நீங்க மட்டும் ஏன் ஒரு தட்டு சும்மா விட்டுட்டு ஆரம்பிக்கிறீங்க? யாராவது வரணுமா?”

“அப்பா அப்படித்தான் பழக்குனாரு. பேசாம வாசிங்க” என்றேன். ஆறு பேரும் அப்படித்தான் செய்கிறோம். அது இருக்கிறவரை நாங்கள் ஐவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் உங்களுக்குத் தெரியுமா?

உங்கள் மகள்


மார்ச் 14

மகளுக்கு,

நான் போனபோதுதான் குழு போனது. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

சும்மா விடும் அந்தத் தட்டின் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். முதல் வருடம் என் அக்கார்டியன் கை மாறி வந்தது, துருத்தியில் ஓட்டை. நாலு தட்டியதும் எல்லாரும் கிளம்பினால் எனக்குக் காற்று நிரம்பியிருக்காது, முதல் சுரம் இருமும். நான் யாரிடமும் கற்றுக்கொண்டு வாசித்தவன் இல்லை. கருவியின் குற்றம் என்று சொன்னாலும் கையின் குற்றம் என்றுதான் நினைப்பார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை. உன் அப்பா கண்டுபிடித்துவிட்டார். அவரும் திறக்கவில்லை. “நாலு தட்டி, ஒன்னு விட்டு எடுங்க. அப்பதான் கூட்டம் நிமிந்து உக்காரும்” என்று எல்லாருக்கும் உத்தரவு போட்டார்.

இரண்டாம் வருடம் ஓட்டையை அடைத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. கடைசிவரை எனக்காக விட்டுக்கொண்டே இருந்தார்.

ஆகவே அது குழுவின் வழக்கம் அல்ல. அண்ணன் தம்பிக்குக் கொடுத்தது. கீபோர்டுக்குத் துருத்தி கிடையாது. பெயரை வைத்துக்கொள், அந்தத் தட்டை எடுத்துவிடு. எடுத்தால் கையெழுத்துப் போடுகிறேன்.

சித்தப்பா


மார்ச் 19

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

எடுத்துவிட்டோம்.

சுலபமாக நடக்கவில்லை. “பேர வேணா குடுத்துடலாம்க்கா, இத எப்படிக் குடுக்கறது? கை தானா நிக்குதே” என்றார் கீபோர்டுக்காரர். முதல் நாள் ஆளுக்கொரு திசையில் ஓடினோம். இப்போது சரியாக வருகிறது.

உங்களுக்காக மட்டும் கொடுத்தது என்கிறீர்கள். இருக்கலாம். பத்து வயதில் அப்பா என்னை மேடையேற்றியதிலிருந்து அந்த ஒரு தட்டில்தான் நான் மூச்சிழுத்திருக்கிறேன். இப்போது மூன்றாவது தட்டிலேயே இழுத்துக்கொள்ளப் பழகுகிறேன்.

சனிக்கிழமை மாலை நிகழ்ச்சி. முன் வரிசையில் உங்களுக்கு இடம் போட்டிருக்கிறேன். வந்தால் சந்தோஷம்.

உங்கள் மகள்


மார்ச் 25

மகளுக்கு,

முன் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்ததைப் பார்த்திருப்பாய். நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

நன்றாக வாசித்தீர்கள். குறை தேடினேன், விளக்குகள் கண்ணைக் குத்தின என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. டிரம்ஸ்காரர் கெட்டிக்காரர். பக்கத்து இருக்கைக்காரர் என் தோளைத் தொட்டு, “பழைய ஐவர் மாதிரியே இருக்குல்ல சார்?” என்றார்.

“நான் அவங்களக் கேட்டதில்ல” என்று சொல்லிவிட்டேன்.

பதினாறு பாட்டுப் பாடினாய். பதினாறு முறையும் அவர் நாலு தட்டினார். பதினாறு முறையும் நான் கையை விரித்துக் காற்றை நிரப்பிக்கொண்டு நிமிர்வதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். எடுக்கச் சொன்னவன் நான்தான், அதில் மாற்றமில்லை. மறுபடி வைக்கச் சொல்லி எழுதப்போவதும் இல்லை.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பெயரை உங்களுக்குக் கொடுப்பதில் எனக்கு இனி வருத்தமில்லை. வேறு குழுதானே.

சித்தப்பா